பிரிக்பீல்ட்ஸ் கல்வி ஏஜென்ட்: விசாவுக்குப் போகலாம், உயிரியல் படிப்பைத் தேர்ந்தெடுக்கப் போகாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தின் பெயரைப் போடப்போவதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்துகளில் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எத்தனையோ வெளிநாட்டுக் கல்வி ஏஜென்ட் அலுவலகங்களில் இதுவும் ஒன்று. நான் எழுதுவதில் பாதி இவர்களைப் பற்றி, மீதி இந்தத் தொழிலே எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி. அதனால் பெயர் தெரிந்து பெரிய லாபமில்லை.

விஷயம் இதுதான். அக்கா மகள் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) எழுதியிருக்கிறாள். வெளிநாட்டில் உயிரியல், இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வேண்டும் என்கிறாள். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் எவனோ கழிவைக் கொட்டி, சுங்கை சிலாங்கூர் நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது லாரித் தண்ணீருக்கு வாளி தூக்கிக்கொண்டு நின்றவர்களில் அவளும் ஒருத்தி. எல்லோரும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண் தண்ணீரில் என்ன கலந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு இதில் உடன்பாடு இல்லை. "மரம் எண்றதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா?" என்பது அவர் கேள்வி. பிறகு அந்தக் கேள்விக்கு வருகிறேன். தாய்மாமன் என்ற முறையில் கார் ஓட்டும் வேலையும் கேள்வி கேட்கும் வேலையும் என் தலையில் விழுந்தன.

அலுவலகம் நன்றாகவே இருக்கிறது. ஏசி, தண்ணீர் போத்தல், சுவரில் உலகப்படம், மேசையில் மஞ்சள் இலைகளை அள்ளி வீசிச் சிரிக்கும் மாணவர்கள் போட்ட புத்தகங்கள். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் எப்படி ஒரே மரம் இலை உதிர்க்கிறது என்று தெரியவில்லை. எங்களோடு உட்கார்ந்து பேசிய கவுன்சிலர் இளம்பெண், நம்ம ஆள்தான், அக்காவை "ஆன்ட்டி" என்றும் என்னை "அங்கிள்" என்றும் கூப்பிட்டு நல்ல மரியாதையாகப் பேசினார். குறை அந்தப் பெண்ணின் மேல் இல்லை என்பதை எழுதியே ஆகவேண்டும். அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அப்படி.

"சர்வீஸ் ஃப்ரீதான் அங்கிள், ஒரு காசு கட்ட வேணாம்" என்றார். உண்மைதான், கட்டவில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது, பெரும்பாலும் முதல் வருடக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று. இது திருட்டு வேலை இல்லை, உலகம் பூராவும் நடப்பது. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகம் தன் ஏஜென்டுகளின் பட்டியலைத் தன் இணையப் பக்கத்திலேயே போட்டாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கமிஷன் கொடுக்காத பல்கலைக்கழகம் அந்தப் பெண்ணின் திரையில் வராது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, தேடும் கட்டத்தில் பயாலஜி என்று அடித்து, பட்டியலை உதவித்தொகை வாரியாக வரிசைப்படுத்தினார். மேலே வந்த நாலைந்தில் மூன்று பயோமெடிக்கல், ஒன்று உயிரியலோடு பிசினஸ் சேர்ந்தது. சுற்றுச்சூழல் அறிவியலைப் பார்க்க இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஜெர்மனி என்று நான் வாயெடுத்ததுமே, "அது ரொம்ப கஷ்டம் அங்கிள், ஜெர்மன் படிக்கணும்" என்று முடித்துவிட்டார். பாதி சரி. இளங்கலை உயிரியல் அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆனால் மீதிப் பாதியையும் சொல்லியிருக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், அது நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே திரும்ப வரும். முதுகலைக்கு ஆங்கிலத்திலேயே சுற்றுச்சூழல் படிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆக இளங்கலையை இங்கே முடித்துவிட்டு முதுகலைக்கு ஜெர்மனி போவது ஒரு நல்ல வழி. அந்த வழியில் ஏஜென்டுக்கு ஒரு சென் கிடைக்காது, அதனால் அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வழி இருப்பதாகவே யாரும் பேசவில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன், விவசாயத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உலகமே பேர் சொல்லும் இடம், அதைச் சொன்னபோது எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.

பயோமெடிக்கல் தள்ளும் கதை தனி. நம்ம வீடுகளில் பயாலஜி என்றால் டாக்டர், டாக்டர் ஆக மார்க் பத்தவில்லை என்றால் டாக்டர் மாதிரி ஏதாவது. இது ஏஜென்டுகளுக்கு நன்றாகத் தெரியும். "என்விரோன்மென்டல்னா வேலை கஷ்டம் ஆன்ட்டி, பயோமெடிக்கல்னா ஹாஸ்பிடல் போகலாம்" என்று அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், அக்காவும் தலையாட்டிவிட்டாள். பயோமெடிக்கல் நல்ல படிப்புதான், ஆனால் அது ரத்தம், திசு, நோய், ஆய்வுக்கூடம். ஆறும் காடும் அதில் இல்லை. ஆற்றில் என்ன கலந்தது என்று கேட்ட பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டால் முதல் வருடத்திலேயே முகம் சுண்டிவிடும். வேலை விஷயத்துக்கு வந்தால், இந்த நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. பெரிய திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்காமல் கட்டுமானம் தொடங்க முடியாது, அந்த அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறையில் பதிந்த ஆட்கள்தான் தயாரிக்க வேண்டும். தண்ணீர் கம்பெனி, செம்பனை கம்பெனி, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் இதற்கு ஆள் வேண்டும். டாக்டர் சம்பளம் இல்லை, சரி. ஆனால் வேலையே கிடைக்காது என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் மோசமில்லை.

நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் முதலாவது: களப்பயிற்சி எத்தனை நாள், எங்கே, அந்தச் செலவு கட்டணத்துக்குள் அடங்குமா? இரண்டாவது: வாரத்துக்கு ஆய்வுக்கூடம் எத்தனை மணி நேரம்? மூன்றாவது: புள்ளியியல் எவ்வளவு, புள்ளியியலுக்கான 'ஆர்' மென்பொருளும் கணினி வரைபடத்துக்கான ஜி.ஐ.எஸ்.ஸும் கட்டாயப் பாடமா? நம்ம பிள்ளைகள் பலர் கணக்குக்குப் பயந்துதான் உயிரியல் பக்கம் ஓடுகிறார்கள். ஆனால் சூழலியலில் பாதி கணக்குதான், எத்தனை தவளை, எந்த ஓடை, போன வருடத்தைவிடக் குறைந்தது தற்செயலா இல்லையா என்பதுதான் அங்கே தினசரிப் பிழைப்பு. இதைப் போகும் முன்னே பிள்ளைக்குச் சொல்லாவிட்டால் பாவம். கவுன்சிலர் மூன்று கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "செக் பண்ணி வாட்ஸ்அப் பண்றேன் அங்கிள்" என்றார். வந்தது பல்கலைக்கழகப் பக்கத்தின் லிங்க். அதை நானே தேடியிருப்பேன். கடைசியில் அக்கா மகளே துறைக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டாள். இரண்டு இடங்களில் விரிவுரையாளர்களே பதில் எழுதினார்கள், ஒருவர் போன வருடக் களப்பயணத்தின் நாளொழுங்கையே அனுப்பிவிட்டார், காலை 5 மணிக்குப் பறவை எண்ணப் போவதிலிருந்து இரவு அந்துப்பூச்சிப் பொறி வைப்பது வரை. இதை அவள் படித்த முகத்தைப் பார்த்த பிறகு அத்தான்கூட கொஞ்சம் இறங்கி வந்தார்.

இன்னொரு பெரிய குறை, பழைய தகவல். பிரிட்டனில் படித்து முடித்தால் 2 வருடம் தங்கி வேலை பார்க்கலாம் என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தது, அதையே அவரும் சொன்னார். 2027 ஜனவரி 1 முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. இப்போது மூன்று வருடப் படிப்புக்குப் போகும் பிள்ளை முடிக்கும்போது 18 மாதம்தான். 6 மாதம்தானே என்று நினைக்காதீர்கள், அந்த 2 வருடத்தை நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் விண்ணப்பத்திலும் இதே கதை. முன்பு 4,000 எழுத்துக்குள் ஒரே கட்டுரையாகப் பிள்ளை தன்னைப் பற்றி எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மொத்த அளவு அதே 4,000தான். அலுவலகத்தில் கொடுத்த 'சாம்பிள்' பழைய ஒரே கட்டுரை. சிறுவயதிலிருந்தே இயற்கை மேல் தீராத ஆர்வம் என்று தொடங்குகிறது, யார் பெயரை வேண்டுமானாலும் மேலே போட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரே அச்சில் வருவதைப் பிடிக்க யூகாஸ் மென்பொருளே வைத்திருக்கிறது. அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு வாளியோடு நின்ற கதையையும், பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எடுத்த தண்ணீரை எஸ்.டி.பி.எம். ஆய்வுக்குப் பரிசோதித்த கதையையும் எழுதினாள். படித்துப் பார்த்த கவுன்சிலர், "ரொம்ப லோக்கலா இருக்கே" என்றார். லோக்கலாக இருந்தால் என்ன, ஊர்த் தண்ணீரைத்தானே படிக்கப் போகிறாள்.

சரி, திட்டியது போதும். நல்லது செய்த இடமும் இருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. விசா ஆவண வேலையில் இவர்கள் கெட்டி. பிரிட்டன் விசாவுக்கு மலேசியர்கள் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்தால்தான் செல்லும், சான்றிதழ் 6 மாதம்தான் நிற்கும் என்பதை மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்தார். கையிருப்புப் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. மலேசியர்களிடம் அந்த ஆவணத்தை வழக்கமாகக் கேட்பதில்லை என்றாலும் கேட்டால் காட்டத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, அதை மொத்தப் படிப்புக்கும் சேர்த்து விசா போடும்போதே கட்ட வேண்டும், மூன்று வருடப் படிப்புக்கே 2,300 பவுண்டைத் தாண்டும் என்று ஒரு தாளில் கூட்டியே காட்டினார். அத்தான் அதைப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்ப்பது, பள்ளியில் ஆசிரியையிடம் பரிந்துரை வாங்குவதற்கு என்ன மாதிரி கேட்க வேண்டும் என்பது, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) ஆங்கிலத்தின் 1119 தரத்தையே ஏற்கும் பல்கலைக்கழகத்துக்கு வீணாக ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதப் பணம் கட்ட வேண்டாம் என்பது, இதெல்லாம் நமக்குத் தலைவலியைக் குறைத்தது. கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கும் எடுக்கலாம், பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான் என்பதையும் அவர்தான் அத்தானுக்குத் தெளிவாக்கினார்.

ஆஸ்திரேலியாவைப் பற்றியும் பேசினோம். உயிரியலுக்கு அருமையான இடம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பவளத்திட்டில் ஹெரான் தீவு ஆய்வு நிலையம் இருக்கிறது, ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துக்கு ஓர்ஃபியஸ் தீவில் இருக்கிறது, கடல் உயிரியல் என்றால் வகுப்பறைக்கு வெளியே காலை வைத்தாலே பாடம். ஆனால் மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்துவிட்டால் திரும்பி வராது. 2024 நடுவில் 710ஆக இருந்தது, இப்படி ஏறிவிட்டது. அதோடு அங்கே இளங்கலை மூன்று வருடம், 'ஹானர்ஸ்' வேண்டும் என்றால் பெரும்பாலும் நான்காவது வருடம் தனியாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் மூன்று வருடத்துக்குள்ளேயே ஆய்வேடும் ஹானர்ஸும் முடிந்துவிடும், ஸ்காட்லாந்தில் நாலு. ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வருடச் செலவு பெரிய விஷயம். இதைக் கவுன்சிலர் தானாகச் சொல்லவில்லை, கேட்டபோதுதான் "ஆமா அங்கிள், அது எக்ஸ்ட்ரா" என்றார்.

இனி அத்தானின் மரம் எண்ணும் கேள்வி. நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அங்கே 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, சில வருடத்துக்கு ஒரு முறை நாடா வைத்து அளக்கிறார்கள், 1980களிலிருந்து. அந்த 50 ஹெக்டேருக்குள் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள். பிரிட்டனில் இயற்கையாக வளரும் மர வகைகளை முழுக்க எண்ணினாலும் நூறைத் தொடாது. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சில தங்கள் மாணவர்களைக் களப்பயணத்துக்கு போர்னியோ வரைக்கும் கூட்டி வருகின்றன, நாம் அவர்களுக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கட்டி நம்ம காட்டையே சுற்றுலாவாகப் பார்க்க வருகிறோம். அத்தானிடம் இதைச் சொன்னபோது ரொம்ப சந்தோஷப்பட்டார், "நான் சொன்னேன்ல" என்று. ஆனால் மரம் இங்கே இருக்கிறது என்பதற்காக எல்லாப் படிப்பும் இங்கே இருக்கிறது என்று ஆகிவிடாது. மாசு வேதியியல், நீர்நிலை மாதிரியாக்கம், பெரிய ஆய்வுக்குழுக்களோடு வேலை பார்ப்பது, இதற்கெல்லாம் வெளியே போவதில் அர்த்தமிருக்கிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதையும் அந்த அலுவலகம் அவசரமாகக் கடந்துபோனது. செமினியில் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் 2005லிருந்து இருக்கிறது, அங்கே சுற்றுச்சூழல், புவியியல் துறையே தனியாக உண்டு, பட்டம் நாட்டிங்ஹாம் பட்டம்தான், செலவு பிரிட்டனில் ஆவதில் பாதிகூட வராது, நடுவில் ஒரு பருவம் பிரிட்டன் வளாகத்துக்குப் போய் வரவும் வாய்ப்பு இருக்கிறது. பண்டார் சன்வேயில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக வளாகம் 1998லிருந்து. இரண்டுக்கும் நேரில் போய்ப் பாருங்கள், திறந்த நாளில் ஆய்வுக்கூடத்துக்குள் விடுவார்கள். கடல் பக்கம் ஆசை என்றால் யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் தெலுக் பஹாங்கில் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கே.எல்.லிலேயே பார்க்க வேண்டும் என்றால் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் ரிம்பா இல்மு தாவரத் தோட்டம், கையில் கொசு மருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். என் மதிப்பெண்: விசா, ஆவணம் 5க்கு 4½. மரியாதை 5க்கு 5. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை 5க்கு 1, அந்த ஒன்றும் அந்தப் பெண் கேள்வியை ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டதற்காக. உதவித்தொகை என்று அவர்கள் சொல்வதில் பெரும்பாலானவை கட்டணத் தள்ளுபடிதான், தள்ளுபடி போன பிறகு கட்ட வேண்டியது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின் யூகாஸ் கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும், எங்களிடமும் கேட்டார்கள், கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஐந்து தேர்வுகளையும் வீட்டிலேயே முடிவு செய்து, துறைகளுக்கு மின்னஞ்சல் போட்டு, பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லாத இடம் இருந்தால், விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தர 'ப்ராசசிங்' கட்டணம் கேட்பார்கள், எங்களிடம் ஓர் இடத்துக்குக் கேட்டார்கள். யூகாஸில் ஒரே விண்ணப்பம்தான் ஐந்து இடத்துக்கும் போகிறது, எதற்குத் தனியாக என்று கேட்டேன், விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை கூட்டம் அதிகம், வார நாளில் மத்தியானத்துக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம். கார் எடுத்துப் போகாதீர்கள், அந்தச் சந்தில் இரட்டை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள், கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. கீழ்க்கடையில் தோசை பரவாயில்லை, தேத்தண்ணீரில் சர்க்கரை அதிகம்.